கடலின் நீலமும் மரப்பாலின் வெண்மையும்: சர் சி. வி. இராமன் வரலாறு



நம் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி அறிவியல் பாடவேளையில் என்னிடம் ஒரு வினாவை எழுப்பினாள். கடல் நீல நிறமானது என்று நூல்கள் கூறுகின்றன. படம் வரையும்போதும் அதற்கு நீல வண்ணமே தீட்டுகிறோம். ஆயினும் நம் கெலுகோர்க் கரையில் நின்று பினாங்குப் பாலத்தின் அடியில் ஓடும் நீரைப் பார்த்தால், அது பழுப்பும் பச்சையும் கலந்தன்றோ தோன்றுகிறது, அஃது ஏன் ஐயா என்று கேட்டாள். உடனிருந்த பிள்ளைகள் சிலர் நகைத்தனர். எனக்கு நகைப்பு வரவில்லை. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தமிழர், கப்பலின் மேல்தளத்தில் நின்று, இவ்வினாவின் மறுபாதியைத் தமக்குத்தாமே கேட்டுக்கொண்டார். கடல் ஏன் நீலமாயிருக்கிறது என்பதே அம்மறுபாதி. அதனைப் பற்றிக்கொண்டு அவர் நடந்த வழி அவரை உலகப் புகழுக்கு இட்டுச் சென்றது. அவர்தாம் சர் சந்திரசேகர வேங்கட இராமன். அச்சிறுமிக்கு வகுப்பில் அரைகுறையாகச் சொன்ன விடையை, அப்பெரியாரின் வரலாற்றோடு சேர்த்து இங்கே நிறைவு செய்ய விழைகிறேன்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் இராமன் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். மக்கள் எண்மருள் இவர் இரண்டாமவர். தந்தையார் ஆசிரியர், கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர், பிடில் வாசிப்பதில் பெருவிருப்புடையவர். வீட்டில் செல்வம் குவிந்திருக்கவில்லை, நூல்கள் குவிந்திருந்தன. தந்தையார் விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளராகச் சேர்ந்தமையால் இராமனின் பள்ளிப் பருவம் அவ்வூர்க் கடற்கரையில் கழிந்தது. கடலோரத்தில் வளர்ந்த பிள்ளை பின்னாளில் கடலின் நிறத்தை ஆராய்ந்ததில் வியப்பென்ன என்று சிலர் எழுதுவர். கடலோரத்தில் வளர்ந்த பிள்ளைகள் ஆயிரமாயிரம் பேர் உண்டே!

11 வயதில் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1904ஆம் ஆண்டில் பி.ஏ. தேர்வில் முதலிடமும் இயற்பியலில் தங்கப் பதக்கமும் பெற்றார். 1907இல் எம்.ஏ. பட்டமும் பெற்றார். இதற்கிடையே, 1906இல், ஒளியின் இயல்பு பற்றிய தமது முதற் கட்டுரையை இலண்டன் ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினார், அதுவும் அச்சேறியது. அப்போது அவருக்கு வயது 18.

இத்தகைய மாணவர் மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்வதே அக்கால வழக்கம். ஆனால் அவரைச் சோதித்த மருத்துவர், இம்மெலிந்த உடல் அந்நாட்டுக் குளிரைத் தாங்காது என்று கூறிவிட்டார். கப்பலேறும் எண்ணம் அத்துடன் நின்றது. அந்நாளில் இந்தியாவில் அறிவியலை நம்பிப் பிழைக்க வழியில்லை. ஆகவே அரசாங்க நிதித்துறைத் தேர்வை எழுதினார், அதிலும் முதலிடமே! 1907இல் உலோகசுந்தரி அம்மையாரை மணந்து, அவ்வாண்டிலேயே கல்கத்தாவில் துணைக் கணக்காயர் பதவியை ஏற்றார். வயது 19 நிரம்பாத இளைஞருக்குப் பெரிய பதவி, பெரிய சம்பளம். பெற்றோர் மனம் குளிர இதற்குமேல் என்ன வேண்டும்?

கல்கத்தாவில் டிராம் வண்டியில் சென்றுகொண்டிருந்தபோது, பௌபஜார் வீதியில் ஒரு பெயர்ப்பலகை அவர் கண்ணிற் பட்டது. இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்று அதில் எழுதியிருந்தது. மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876இல் தோற்றுவித்த கழகம் அது. கட்டடமும் கருவிகளும் இருந்தன. ஆய்வு செய்ய ஆளில்லை. இராமன் இறங்கிச் சென்று கதவைத் தட்டினார். அன்றிலிருந்து விடியற்காலையில் கழகம், பகலில் கணக்கு அலுவலகம், மாலையில் மீண்டும் கழகம், இரவில் நேரங்கழித்து வீடு என்று அவர் வாழ்வு ஓடியது. இடையே இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்டார். அங்கும் கையில் கிடைத்த கருவிகளைக்கொண்டு ஏதேனும் ஆராய்ந்துகொண்டே இருந்தார். 1911இல் கல்கத்தாவுக்குத் திரும்பினார். வீணை, தம்புரா, பிடில் ஆகியவற்றின் நரம்புகள் எவ்வாறு அதிர்கின்றன, மிருதங்கத்தின் நடுவே கரிய சாந்து பூசுவதால் அதன் ஒலி எவ்வாறு இசையாக மாறுகிறது என்றெல்லாம் அவர் கணக்கிட்டுக் காட்டினார். தந்தையாரின் பிடில் வீணாகவில்லை.

கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராய் இருந்த சர் அசுதோஷ் முகர்ஜி, இயற்பியல் பேராசிரியர் பதவிக்கு அவரை அழைத்தார். அரசாங்கப் பதவியில் கிடைத்த சம்பளத்தில் ஏறத்தாழப் பாதிதான் பேராசிரியருக்கு. மேற்பதவிகள் காத்திருந்த வேலையை விட்டுவிட்டு 1917ஆம் ஆண்டில் இராமன் அதனை ஏற்றார். உறவினரும் நண்பரும் என்ன கூறியிருப்பர் என்பதைப் பெற்றோர்களாகிய உங்கள் ஊகத்திற்கே விட்டுவிடுகிறேன். நம்மிடையே ஒருவர் அரசாங்க வேலையை விட்டுவிட்டு, பாதிச் சம்பளத்திற்கு நூலகத்திலும் ஆய்வறையிலும் உட்காரப் போகிறேன் என்றால், அவருக்கு எத்தனை பேர் அறிவுரை கூற வருவோம்!

1921ஆம் ஆண்டில், ஆக்ஸ்போர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டிற்கு அவர் சென்றார். மருத்துவர் தடுத்த பயணம் பதினான்கு ஆண்டுகள் கழித்து நிறைவேறியது. திரும்பி வருகையில், நார்க்குண்டா என்னும் கப்பலில் மத்தியதரைக் கடலைக் கடந்தார். ஆழ்ந்த நீலம் அவரைக் கவர்ந்தது. அந்நீலம் வானத்தின் நிழலேயன்றி வேறில்லை என்று இரேலி பிரபு என்னும் பேரறிஞர் முன்பே எழுதியிருந்தார். இரேலி சொன்ன பிறகு ஆராய்வதற்கு என்ன உண்டு என்று பிறர் இருந்துவிட்டனர். இராமன் சட்டைப் பையிலிருந்து நிக்கோல் பட்டகம் என்னும் சிறு பளிங்குக் கருவியை எடுத்தார். தகுந்த கோணத்தில் பிடித்து நோக்கினால் நீர்ப்பரப்பில் பட்டு மீளும் வான ஒளியை அஃது ஒழித்துவிடும். வானத்தின் நிழல் ஒழிந்தது, நீலம் ஒழியவில்லை. முன்னினும் தெளிவாகத் தோன்றியது. பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தவுடனேயே இதனைக் கட்டுரையாக எழுதி இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்.

ஒளி நுண்பொருள்களின்மீது படும்போது நாற்புறமும் தெறித்துச் செல்வதை ஒளிச்சிதறல் என்பர். பொருள் மிக மிக நுண்ணியதாயின், நீல ஒளி மிகுதியாகவும் சிவப்பு ஒளி குறைவாகவும் சிதறும்; நீலம் சிவப்பைப்போல் நான்கு மடங்குக்கு மேலும் சிதறும் என்று கணக்குக் கூறுகிறது. வானம் நீலமாவது இதனாலேயே. காற்றைப் போலவே நீரின் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறச் செய்கின்றன என்பது இராமன் கண்ட முடிவு. நீரானது சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதும் கடலின் நீலத்திற்குப் பெருங்காரணம் என்பதை இன்று நாம் அறிவோம். எனினும், ஆழத்திற்குச் சென்ற ஒளியை மேலே திருப்பி அனுப்புவது சிதறல்தான்.

இனி, நுண்பொருள் பெரியதாகிவிட்டால் என்ன ஆகும்? இவ்வினாவையும் இராமன் அதே 1921ஆம் ஆண்டில் ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார். விதுபூஷண் ராய் என்னும் வங்க இளைஞருடன் சேர்ந்து செய்த ஆய்வு அது. நோபெல் பரிசின் பேரொளியில் அதனைப் பலரும் மறந்துவிட்டனர். எனக்கோ அவர் ஆய்வுகளில் இதுவே மிகப் பிடித்தமானது. புகைப்படக்காரர்கள் ஹைப்போ என்று வழங்கும் உப்பை நீரில் கரைத்து, அதில் சிறிது அமிலம் விட்டால், தெளிந்த நீரில் கந்தக நுண்மணிகள் பிறக்கின்றன. நேரம் செல்லச் செல்ல அவை பருக்கின்றன. நீரின் ஒருபுறம் விளக்கை வைத்து மறுபுறம் கண்ணை வைத்தால், ஊடுருவி வரும் ஒளி முதலில் செம்மை பெறுகிறது. மணிகள் இன்னும் பருத்தபின் வியத்தகு முறையில் நீலம் தோன்றுகிறது. நீர் அதே நீர், கந்தகம் அதே கந்தகம். மணியின் அளவு மாறியதால் ஒளியின் நிறம் மாறியது. இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பதை அவ்விருவரும் விளக்கினர்.

இவ்விடத்தில் என் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றைக் குறிப்பிடுவதை வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். என் தாயும் தந்தையும் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். பள்ளி விடுமுறை நாள்களில் வாளி சுமக்க நானும் உடன் சென்றதுண்டு. மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துப் பால் கொட்டகைக்குக் கொண்டு போவோம். அங்கே பாலை வடிகட்டி, நீர் கலந்து, தொட்டிகளில் ஊற்றிப் பார்மிக் அமிலம் விடுவார்கள். மறுநாட் காலையில் பால் இராது. அசைத்தால் ஆடும் வெண்கட்டி இருக்கும். மேலே தெளிந்த நீர் நிற்கும். அதுவரை வெண்மையாய் இருந்த நீரின் வெண்மை எங்கே போயிற்று என்று அங்கிருந்தவரிடம் கேட்டேன். அமிலம் விட்டால் அப்படித்தான், வேலை நேரத்தில் குறுக்கே நிற்காதே என்று விரட்டப்பட்டேன். அவரைக் குறை சொல்லுவதற்கில்லை. அவருக்கும் எவரும் சொல்லித் தந்திருக்கமாட்டார்கள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்த நாளில்தான் விடை கிடைத்தது.

மரப்பால் வெறும் நீர்மம் அன்று. அது கூழ்மம் எனப்படும் வகையைச் சேர்ந்தது. நீரில் கோடிக்கணக்கான ரப்பர் நுண்துகள்கள் மிதக்கின்றன. அவற்றின் பருமன் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கின் அளவே. அதனினும் சிறியவையும் சற்றுப் பெரியவையும் உண்டு. ஒவ்வொரு துகளின் மேலும் புரதப் போர்வை இருக்கிறது. அப்போர்வையில் எதிர் மின்னூட்டம் இருக்கிறது. ஒத்த மின்னூட்டம் உடையவை ஒன்றையொன்று தள்ளும் என்று படித்திருக்கிறீர்கள். ஆகவே அவை ஓயாது அலைந்து நெருங்கினாலும் ஒட்டுவதில்லை. அமிலம் அம்மின்னூட்டத்தை அழித்துவிடுகிறது. அதன்பின் மோதியவை ஒட்டிக்கொள்கின்றன. இரண்டு நான்காகி, நான்கு நூறாகி, திரள் பெருகிக் கட்டியாகிறது. வெண்மையை உண்டாக்கிய துகள்களெல்லாம் கட்டிக்குள் அடங்கிவிட்டபின் எஞ்சிய நீர் தெளிந்துவிடுகிறது. பால் உறையாதிருக்க அம்மோனியா கலப்பதும், அள்ளாமல் விட்ட மங்கில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் அமிலத்தால் கட்டிப்பால் விளைவதும் இதே காரணம் பற்றியே. தோட்டத்தில் நாளெல்லாம் உழைத்த நம் மக்கள், இவ்வேதியியலைக் கைகளால் செய்துகொண்டே இருந்தனர்.

துகள்கள் எவ்வளவு விரைவாகத் திரளும் என்பதைப் போலந்து நாட்டு அறிஞர் ஸ்மோலுகோவ்ஸ்கி 1916, 1917ஆம் ஆண்டுகளில் கணக்கிட்டார். துகள்களின் எண்ணிக்கை இரு மடங்கானால் மோதல்கள் நான்கு மடங்காகும் என்பது அக்கணக்கின் சாரம். நீர்மங்களில் ஒளி சிதறுவதற்கு இவரும் ஐன்ஸ்டீனும் வகுத்த கொள்கையையே இராமன் கடல்நீருக்குப் பொருத்திப் பார்த்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

சரி, திரளுவதைக் கண்ணால் காணமுடியாத நிலையில் எவ்வாறு அறிவது? அதற்கு ஒளியே சாட்சி. மிகச் சிறிய இரு துகள்கள் தனித்தனியே நின்று சிதறச் செய்யும் ஒளியைக் காட்டிலும், அவையே ஒட்டி ஒன்றாகும்போது சிதறச் செய்யும் ஒளி இரு மடங்காகும். வடம் பிடிக்கும் இருவர் தம்மனம் போல் இழுப்பதற்கும், ஒரே குரலுக்கு ஒருசேர இழுப்பதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. எனவே, கட்டி கண்ணுக்குத் தெரிவதற்கு நெடுநேரம் முன்பே, பக்கவாட்டில் வரும் ஒளி பெருகுவதை அளந்து, துகள்கள் கூடத் தொடங்கிவிட்டன என்று சொல்லிவிடலாம். இந்நாளில் லேசர் ஒளியைக்கொண்டு, மரப்பால் முதல் மருந்துவரை கூழ்மங்கள் பலவற்றின் துகள் அளவை இம்முறையில் அளக்கிறார்கள்.

மீண்டும் கல்கத்தாவுக்குச் செல்வோம். கடலில் தொடங்கிய ஆய்வை இராமன் விடவில்லை. நீர், பனிக்கட்டி, வாயுக்கள், நீர்மங்கள் என்று ஒவ்வொன்றிலும் ஒளியைச் செலுத்திப் பார்த்தார். 1923இல் அவர் மாணவர் கே. ஆர். இராமநாதன், நீரில் சிதறிய ஒளியில் நிறம் மாறிய மங்கலான ஒரு பகுதி இருப்பதைக் கண்டார். நீர் தூய்மையாக இல்லாததே காரணமோ என்று ஐயுற்று, மீண்டும் மீண்டும் தூய்மை செய்து பார்த்தும் அது மறையவில்லை. பின்னர் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணன் ஆய்வில் இணைந்தார். ஞாயிற்றின் ஒளியை வில்லையால் குவித்து, நீலக் கண்ணாடி வழியே நீர்மத்துள் செலுத்தினர். நீல ஒளியைத் தடுக்கும் வேறொரு கண்ணாடியைக் கண்ணுக்கு முன் வைத்தனர். உள்ளே சென்றது நீலம், நீலம் தடுக்கப்பட்டது, ஆகவே இருளே தெரிய வேண்டும். ஆயினும் மெல்லிய ஒளிக்கோடு தெரிந்தது! அறுபதுக்கு மேற்பட்ட நீர்மங்களிலும் தெரிந்தது. மூலக்கூறு தன் அதிர்வினால் ஒளியின் நிறத்தையே சற்று மாற்றி அனுப்புகிறது என்பது 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் தெளிவாயிற்று. இதுவே இராமன் விளைவு. பயன்பட்ட கருவிகளின் விலை ஏறத்தாழ 200 ரூபாய் என்பர்.

1930ஆம் ஆண்டிற்கான இயற்பியல் நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அறிவியலில் அப்பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. பரிசு அறிவிக்கப்படுவதற்குப் பல திங்களுக்கு முன்னரே சுவீடன் செல்லக் கப்பற் சீட்டு வாங்கிவிட்டார் என்று கூறுவர், அவ்வளவு உறுதி! கிருஷ்ணன் பெயர் பரிசில் இடம்பெறவில்லை. கண்டுபிடிப்பை அறிவித்த கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தன. ஆயினும் பரிசு ஒருவருக்கே சென்றது. கிருஷ்ணனும் பின்னாளில் பெரும்புகழ் பெற்று, இந்திய தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராய் விளங்கினார் என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. தமிழகத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து சென்ற அப்பெயரை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

1933இல் இராமன் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. அங்கு அவரிடம் பயின்ற ஆர். எஸ். கிருஷ்ணன் என்னும் மற்றொரு கிருஷ்ணன், கூழ்மங்களின் ஒளிச்சிதறலை 1934 முதல் விரிவாக ஆராய்ந்தார். கிடைமட்டமாக மட்டும் அதிரும் ஒளியைக் கூழ்மத்துள் செலுத்தி, பக்கவாட்டில் வரும் மெல்லொளியை நிலைக்குத்தாக அதிர்வது, கிடைமட்டமாக அதிர்வது என்று இரு பகுதிகளாகப் பிரித்து அளந்தார். துகள்கள் மிகச் சிறியனவாயின் இரு பகுதிகளும் சமமாயிருக்கும். துகள்கள் பெரியனவாயினும் திரண்டு கூட்டமாயினும் அச்சமநிலை கெட்டுவிடும். ஆகவே, நீர்மத்தில் திரள்கள் உண்டா இல்லையா என்று இவ்வொரு சோதனையாலே கூறலாம். கூழ்ம ஆராய்ச்சியாளர் இதனைக் கிருஷ்ணன் விளைவு என்றே வழங்குகின்றனர்.

இராமனிடம் குறையே இல்லை என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. கடுஞ்சொல் சொல்லத் தயங்காதவர். பிறருடன் இணங்கிப் போவதில் தேர்ச்சியற்றவர். இயக்குநர் பதவியிலிருந்து 1937இல் விலக நேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். மற்றொன்றும் உண்டு. 1933இல் பம்பாயில் பட்டம் பெற்ற கமலா பாகவத் என்னும் இளம்பெண், ஆய்வு செய்ய இடம் கேட்டு விண்ணப்பித்தார். பெண் என்னும் ஒரே காரணத்தால் இராமன் மறுத்துவிட்டார். அப்பெண் திரும்பிப் போகவில்லை. நேரில் வந்து நின்று வாதாடினார். வேண்டாவெறுப்பாகப் பல நிபந்தனைகளோடு ஓராண்டுச் சோதனைக்காகச் சேர்த்துக்கொண்டார். ஓராண்டு முடிவில் அவருடைய உழைப்பைக் கண்டு தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். அதன்பின் பெண்களுக்கு அங்கு இடம் கிடைத்தது. கமலா அம்மையார் 1939இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். ஒளியின் மிக நுண்ணிய மாற்றத்தையும் கண்ட கண்கள், எதிரே நின்ற ஒரு மாணவியின் தகுதியைக் காணத் தவறிவிட்டன. என்னிடம் கடலைப் பற்றிக் கேட்டவளும் ஒரு சிறுமியே ஆதலால், இச்செய்தியை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

1948இல் தம் பெயரால் ஓர் ஆய்வு நிலையத்தைப் பெங்களூரில் நிறுவினார். 1954இல் பாரத ரத்னா விருது பெற்றார். முதுமையில் மலர்களின் நிறம், பறவைகளின் இறகு, சிப்பி, வைரம் ஆகியவற்றில் ஈடுபட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்குத் தம் சேகரிப்புகளைக் காட்டி மகிழ்ந்தார். ஆண்டுதோறும் அக்டோபர் 2ஆம் நாள் காந்தி நினைவுச் சொற்பொழிவு ஆற்றுவது அவர் வழக்கம். 1970இலும் அதனைத் தவறவில்லை. அதன்பின் சில நாள்களில் உடல் தளர்ந்தார். மருத்துவமனையில் இருக்க விரும்பாமல் தம் தோட்டத்திற்கே திரும்பி, நவம்பர் 21ஆம் நாள், 82 வயதில் இயற்கை எய்தினார். அத்தோட்டத்திலேயே அவருடல் எரியூட்டப்பட்டது. கல்லறை எழுப்பவில்லை, அவ்விடத்தில் ஒரு மரம் நிற்கிறது. 1987 முதல் பிப்ரவரி 28ஆம் நாளை இந்தியாவில் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகின்றனர்.

இனி அச்சிறுமியின் வினா. கெலுகோருக்கு எதிரே உள்ள நீரிணையில், செபராங் பிறைப் பக்கத்திலிருந்து பிறை ஆறும் ஜூரு ஆறும் வந்து கலக்கின்றன. அவை களிமண் துகள்களைச் சுமந்து வருகின்றன. நீரின் மூலக்கூறுகளைவிடப் பன்மடங்கு பெரிய அத்துகள்கள், நீலத்தைத் தனியே பிரிக்காமல் எல்லா நிறங்களையும் சிதறச் செய்கின்றன. மண்ணின் நிறமும் நீர்வாழ் நுண்பாசிகளின் பசுமையும் அதனோடு சேர்கின்றன. ஆகவே ஆழ்கடலின் நீலம் இங்கே தோன்றுவதில்லை. மேலும், ஆற்று நீரில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதந்துவந்த களித்துகள்கள் கடலின் உப்பைச் சந்தித்ததும் அத்தள்ளுவிசை தளர்ந்து திரளுகின்றன. கனத்துக் கீழே இறங்குகின்றன. நீர் வற்றும் வேளையில் கரையோரத்தில் நாம் காணும் சேற்றுப் பரப்பு இவ்வாறு சேர்ந்ததே. பார்மிக் அமிலம் மரப்பாலில் செய்யும் வேலையை இங்கே உப்பு செய்கிறது.

இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கண்ணாடிக் குவளையில் நீர் நிரப்பி, பசும்பால் சில துளிகள் மட்டும் விட்டுக் கலக்குங்கள். அறையை இருட்டாக்கி, ஒருபுறமிருந்து கைவிளக்கின் ஒளியைப் பாய்ச்சுங்கள். பக்கத்திலிருந்து நோக்கினால் நீர் இளநீலம் காட்டும்; விளக்குக்கு நேரெதிரே நின்று நோக்கினால் விளக்கு செம்மஞ்சளாகத் தோன்றும். பிறகு சிறிது எலுமிச்சைச் சாறு விட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள். பால் திரிந்து, திரள்கள் கீழே இறங்கும், நீலம் குன்றும். அம்மாணவி இச்சோதனையைச் செய்து காட்டியபோது, முன்னாளில் பால் வெட்டிய அவள் பாட்டியும் வந்திருந்தார். திரள் இறங்குவதைக் கண்டதும், இஃது எங்கள் கொட்டகையில் நடந்ததல்லவா என்று கூறி, எலுமிச்சைச் சாறு எத்தனை துளி விடவேண்டும் என்று பேத்தியிடம் கேட்டுக் குறித்துக்கொண்டார்.